நைட்ரஜன் பறந்துவிடும், பாஸ்பரஸ் தங்கிவிடும்

கழிவுநீரைச் சுத்திகரிக்க அமைக்கும் செயற்கை ஈரநிலத்தைப் பார்ப்பவர்கள், செடிகள்தான் அழுக்கை உறிஞ்சிக்கொள்கின்றன என்று நினைப்பது வழக்கம். சரளைக்கல் நிரப்பிய படுகையில் நாணலும் சம்பும் அசைந்தாடினால் அப்படித்தான் தோன்றும். ஜெர்மனியில் 1950களில் விஞ்ஞானி கேத்தே சைடல் கோரையை வைத்துச் சோதனைகளைத் தொடங்கியபோதும் பேச்சு செடியைப் பற்றித்தான். ஆனால் பெரும்பங்கு வேலை நடப்பது அடியில், கற்களின் மேல் வழவழவென்று படிந்திருக்கும் பாக்டீரியாப் படலத்தில்.

நீக்க வேண்டியவை இரண்டு: நைட்ரஜன், பாஸ்பரஸ். வயலில் இவை உரம். ஏரியில் கலந்தால் பாசி பெருகும். அது செத்து அழுகும்போது நீரிலுள்ள ஆக்சிஜன் தீர்ந்து மீன்கள் மிதக்கும்.

கழிவுநீரில் இருக்கும் யூரியாவும் புரதமும் சிதைந்து முதலில் அம்மோனியம் ஆகின்றன. அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுபவை ஆக்சிஜன் இல்லாமல் இயங்காத பாக்டீரியாக்கள். சிக்கலே இங்கேதான். அம்மோனியமாக உள்ள 1 கிராம் நைட்ரஜனை நைட்ரேட்டாக்க ஏறத்தாழ 4.6 கிராம் ஆக்சிஜன் தேவை. ஒரு லிட்டர் கழிவுநீரில் அப்படி 40 மில்லிகிராம் நைட்ரஜன் இருந்தால், வேண்டிய ஆக்சிஜன் 180 மில்லிகிராமுக்கும் மேல். 25 டிகிரி வெப்பத்தில் சுத்தமான நீரில்கூட லிட்டருக்குச் சுமார் 8 மில்லிகிராம்தான் கரைந்திருக்கும்! நாணலின் தண்டுக்குள் இருக்கும் காற்றுக் குழல்கள் வழியே வேருக்கு ஆக்சிஜன் இறங்கி, கொஞ்சம் வெளியே கசிவது உண்மைதான். இந்தப் பசிக்கு அது எம்மாத்திரம்?

அதனால் கழிவுநீரைத் தொடர்ந்து ஓடவிடாமல், விட்டுவிட்டு மேலிருந்து பாய்ச்சுகிறார்கள். நீர் வடிந்து இறங்கும்போது பின்னாலேயே காற்று கற்களின் இடுக்குக்குள் இழுக்கப்படுகிறது. இது செங்குத்துப் படுகை.

நைட்ரேட் ஆனதோடு வேலை முடியவில்லை. அதுவும் பாசிக்கு உணவுதான். அடுத்த படுகையில் நீர் எப்போதும் நிறைந்து கிடைமட்டமாக ஓடும். அங்கே ஆக்சிஜன் இல்லை. வேறு வகை பாக்டீரியாக்கள் ஆக்சிஜனுக்குப் பதிலாக நைட்ரேட்டைக் கொண்டு சுவாசித்து, நைட்ரஜன் வாயுவாக வெளிவிடுகின்றன. காற்றில் 78 சதவீதம் இருப்பது அதே வாயுதான். ஆனால் அவற்றுக்குத் தின்னக் கரிமப் பொருள் வேண்டும். முதல் படுகையிலேயே அதெல்லாம் தீர்ந்திருந்தால் இவை பட்டினிதான். அதற்காக நைட்ரேட் நிறைந்த நீரில் ஒரு பகுதியை மீண்டும் தொடக்கத்துக்கே திருப்பி, புதுக் கழிவுநீரோடு கலப்பதுண்டு. உதிர்ந்து மட்கும் இலைகளும் கொஞ்சம் தீனி போடும்.

பாஸ்பரஸுக்கு இப்படித் தப்பிக்க வழியில்லை, ஈரநிலத்தில் அது வாயுவாகிப் பறப்பதில்லை. இரும்பு, அலுமினியம், கால்சியம் உள்ள பரப்புகளில் ஒட்டிக்கொள்ளும். சாதாரணச் சரளையில் அதற்கான இடம் குறைவு. தொடக்கத்தில் நன்றாகப் பிடிக்கும், பிறகு நிறைந்துவிடும். ஆக்சிஜன் வற்றினால் இரும்போடு ஒட்டியது கழன்று நீருக்கே திரும்பும். செடியும் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறதே என்றால், அறுத்து அகற்றாதவரை அது வெறும் கடன். செடி காய்ந்து விழுந்ததும் பெரும்பாலும் நீருக்கே வந்துவிடும்.

எனவே பாஸ்பரஸ் கட்டாயம் குறைய வேண்டிய இடங்களில், கால்சியமோ இரும்போ செறிந்த பொருளை நிரப்பிய சிறு தொட்டியைக் கடைசியில் தனியாக வைக்கிறார்கள். அது நிறைந்ததும், படுகையைத் தோண்டாமல் அந்தத் தொட்டியில் உள்ளதை மட்டும் மாற்றினால் போதும்.