சிஏஜி அறிக்கை யாரைப் பிடிக்கும்?

"சிஏஜியே சொல்லிட்டாங்க, இத்தனை கோடி ஊழல்" என்று யாராவது சொன்னால் கொஞ்சம் பொறுங்கள். சிஏஜி, அதாவது இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் தருகிற அறிக்கையில் ஊழல் என்ற தீர்ப்பு இருக்காது. அரசுப் பணம் விதிப்படி செலவானதா, செலவானதற்கு வேலை நடந்ததா என்று பார்த்து நாடாளுமன்றத்துக்கோ சட்டமன்றத்துக்கோ எழுதிக் கொடுப்பதுதான் தணிக்கைத் துறையின் வேலை. ஒருவரைக் கைது செய்யவோ, சஸ்பெண்ட் செய்யவோ, ஒரு ரூபாயைத் திரும்ப வசூலிக்கவோ அவர்களுக்கு அதிகாரம் கிடையாது.

2010-ல் வந்த 2ஜி (செல்போன் அலைக்கற்றை ஒதுக்கீடு) அறிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். 1.76 லட்சம் கோடி என்பது அரசுக்கு வந்திருக்கக்கூடிய வருமானம் பற்றிய ஒரு மதிப்பீடு, அதிலும் அறிக்கையில் இருந்த பல கணக்குகளில் பெரியது. டீக்கடைப் பேச்சில் அது அப்படியே "அடித்த பணம்" ஆகிவிட்டது. 2012-ல் உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களை ரத்து செய்தது, 2017-ல் சிறப்பு நீதிமன்றம் குற்றம்சாட்டப்பட்டவர்களை விடுவித்தது. இதில் எது சரி என்று இன்றும் சண்டை போடுகிறார்கள், ஆனால் தணிக்கையும் அந்த இரண்டு நீதிமன்றங்களும் கேட்ட கேள்விகளே வேறு வேறு.

சரி, தண்டிக்க முடியாதவர்களைப் பார்த்து அலுவலகங்கள் ஏன் பயப்படுகின்றன? காகிதம்தான் காரணம். 1971-ஆம் ஆண்டுச் சட்டப்படி எந்தக் கணக்கு அலுவலகத்துக்குள்ளும் போகலாம், எந்தக் கோப்பையும் கேட்கலாம், பொறுப்பில் இருப்பவரிடம் கேள்வி கேட்கலாம். அரசு அலுவலகங்கள் மட்டுமில்லை, ஒரே ஆண்டில் 25 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அரசு மானியமோ கடனோ வாங்கி, அது தன் மொத்தச் செலவில் 75 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்கிற அமைப்பும் உள்ளே வரும்.

ஒரு கட்டட வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். எம் புக்கில், அதாவது முடிந்த வேலையை அளந்து எழுதும் பதிவேட்டில், கான்கிரீட் அளவெடுத்தது 12-ஆம் தேதி. இருப்புப் பதிவேட்டில் சிமெண்ட் வந்தது 19-ஆம் தேதி. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டு பதிவேடும் சுத்தமாக இருக்கும், பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் சிமெண்ட் இல்லாமலே கான்கிரீட் போட்ட கதை தெரியும். உடனே ஒரு தாள் வரும், ஹாஃப் மார்ஜின் என்பார்கள்: ஒரு பாதியில் கேள்வி, மறு பாதி பதிலுக்குக் காலியாக. பதில் திருப்தியாக இல்லையென்றால் அது ஆய்வு அறிக்கையில் "பாரா"வாக ஏறும், நாலு வாரத்தில் பதில் அனுப்ப வேண்டும். நடைமுறையில் வருஷக்கணக்கில் தீராமல் கிடக்கிற பாராக்கள் உண்டு, அந்த இருக்கைக்கு மாறி வருகிறவர் தலையில் அது விடியும்.

பெரிய விஷயங்கள் துறைச் செயலாளர் வரை போய், அப்புறம் குடியரசுத் தலைவருக்கோ ஆளுநருக்கோ போகிற அறிக்கையில் இடம்பெறும். அங்கேதான் எனக்கு எரிச்சல். அரசியலமைப்பின் 151-ஆவது பிரிவு அறிக்கையை அவையில் வைக்க வேண்டும் என்கிறது, எத்தனை நாளுக்குள் என்று சொல்லவில்லை. அதனால் சங்கடமான அறிக்கை கூட்டத்தொடரின் கடைசி நாளில், யாரும் படித்துப் பேச முடியாத நேரத்தில் வந்து விழும். அவையில் வைத்த பிறகு பொதுக் கணக்குக் குழு விசாரிக்கும். நாடாளுமன்றத்தில் அதற்கு 22 உறுப்பினர்கள், 1967 முதல் எதிர்க்கட்சிக்காரர் தலைவராக இருப்பது மரபு.

சிஏஜி சுதந்திரமானவரா? பதவியில் வந்துவிட்டால் ஆம், பெருமளவுக்கு. 6 ஆண்டு அல்லது 65 வயது, எது முதலில் வருகிறதோ அதுவரை பதவி. உச்ச நீதிமன்ற நீதிபதியை நீக்குகிற அதே முறையில்தான் நீக்க முடியும், ஓய்வுக்குப் பிறகு மத்திய, மாநில அரசுப் பதவி எதுவும் வகிக்கக் கூடாது. ஆனால் நியமிப்பது மத்திய அரசு, தேர்வுக் குழு என்று சட்டத்தில் ஒன்றுமில்லை. இந்த ஓட்டையை அடைக்காமலே வைத்திருக்கிறார்கள்.

அவையில் வைத்த அறிக்கைகள் சிஏஜி இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும். உங்கள் ஊர் அலுவலகத்தைப் பற்றித் தெரிய வேண்டுமென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் "கடைசி தணிக்கை ஆய்வு அறிக்கையின் நகல், அதற்கு அனுப்பிய பதிலின் நகல்" என்று இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். பெரிய அறிக்கையைத் திறந்தால் கோடிகளைத் தேடாதீர்கள், ஒவ்வொரு பாராவின் கடைசி வரிக்குப் போங்கள். துறை என்ன விளக்கம் சொன்னது, தணிக்கை ஏன் ஏற்கவில்லை என்பது அங்கேதான் இருக்கும், பல இடங்களில் பதிலே வரவில்லை என்ற ஒரே வரிதான் இருக்கும்.