வெந்நீரை விட்டு வராத பையன்

அந்தப் பையனை என்னிடம் அழைத்து வந்தது வாந்திக்காக. கல்லூரி மூன்றாம் ஆண்டு. ஆறு மாதமாக, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, இரண்டு நாள் விடாமல் வாந்தி. எண்டோஸ்கோபி, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாமே நார்மல். சரி, மனநல மருத்துவரைப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

பேச்சுவாக்கில் அம்மா சொன்னார்: “வாந்தி வந்துட்டா பாத்ரூமே கதின்னு கிடக்கான் சார். ஹீட்டரைப் போட்டு மணிக்கணக்கா வெந்நீர்ல நிக்கிறான். கரண்ட் பில்தான் ஏறுது.”

அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, “தம்பி, கஞ்சா எத்தனை வருஷமா?” என்றேன். திடுக்கிட்டுப் பார்த்தான். மூன்று வருடம், தினமும். அப்புறம் எல்லோரும் சொல்வதையே அவனும் சொன்னான்: “அது மூலிகைதானே சார்?”

காட்டிக்கொடுத்தது வெந்நீர். நெடுநாள் அடிக்கடி கஞ்சா புகைப்பவர்களில் சிலருக்கு இப்படி விட்டுவிட்டு வாந்தி வரும். வழக்கமான வாந்தி மாத்திரைகள் பெரும்பாலும் கேட்காது, வெந்நீரில் நின்றால் மட்டும் கொஞ்சம் தணியும். வேடிக்கை என்னவென்றால், புற்றுநோய் மருந்தால் வரும் வாந்தியை அடக்க 1985-லேயே அமெரிக்காவில் அனுமதி பெற்ற ட்ரோனாபினால் மாத்திரையில் இருப்பதும் கஞ்சாவில் போதை தரும் அதே டி.எச்.சி. என்ற பொருள்தான். அளவும் காலமும் மாறியதில் வாந்தியை நிறுத்துவதே வாந்தியைக் கிளப்புகிறது.

கஞ்சாவில் கன்னாபினாய்டுகள் எனப்படும் வேதிப்பொருள்கள் நூற்றுக்கும் மேல் உண்டு. போதை தருவது முக்கியமாக டி.எச்.சி. பச்சைச் செடியில் இது அமில வடிவில் இருக்கிறது. அதில் போதை இல்லை. நெருப்பு பட்டதும் போதை தரும் வடிவுக்கு மாறிவிடும். 1964-ல் இஸ்ரேலில் கவோனி, மெக்கூலம் என்ற விஞ்ஞானிகள் டி.எச்.சி.யைப் பிரித்தெடுத்து, அதன் அமைப்பைக் கண்டுபிடித்தார்கள். மூளையில் அது போய் ஒட்டிக்கொள்ளும் இடமான சிபி1 ஏற்பி பிறகு தெரியவந்தது. செடிக்காகவா நம் மூளை அப்படி ஓர் இடத்தை வைத்திருக்கும்? தேடியபோது, உடலே சுரக்கும் பொருள் ஒன்று 1992-ல் கிடைத்தது. நம் ‘ஆனந்த’த்தை எடுத்து அதற்கு ஆனந்தமைடு என்று பெயர் வைத்தார்கள்.

இந்த ஆனந்தமைடு தேவையான இடத்தில் துளி சுரந்து, வேலை முடிந்ததும் சில நிமிடங்களில் சிதைந்துவிடும். டி.எச்.சி.யோ மூளை முழுக்கப் பரவி, மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கும். ஞாபகத்துக்கான பகுதியில் உட்கார்ந்தால் இப்போது கேட்டது நிற்காது. அசைவைக் கட்டுப்படுத்தும் பகுதியில் என்றால் பைக்கில் பிரேக் பிடிக்கும் கை தாமதமாகும். பயத்தைக் கையாளும் பகுதியில் என்றால் சிலருக்கு அமைதி, சிலருக்கு ‘எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள்’ என்ற சந்தேகம். மூச்சை இயக்கும் பகுதியில் இந்த ஏற்பிகள் குறைவு. ஹெராயின் போல மூச்சு நின்று சாவதில்லை. பையன்கள் இதை என்னிடம் வாதமாகவே வைப்பார்கள். உண்மைதான். ஆனால் என் வார்டுக்கு வருகிறவர்கள் மூச்சு நின்று வருவதில்லை, யாரும் இல்லாதபோதும் யாரோ கூப்பிடும் குரல் கேட்டு வருகிறார்கள். குடும்பத்தில் மனச்சிதைவு இருந்து, பதினைந்து பதினாறு வயதிலேயே தொடங்கியவர்களைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை.

“கஞ்சாவை வைத்துத்தானே வலிப்புக்கு மருந்து செய்கிறார்கள்?” என்பார்கள். அது சி.பி.டி. கஞ்சாவில் உள்ள, போதை தராத இன்னொரு பொருள். குழந்தைகளுக்கு வரும் இரண்டு அரிய வலிப்பு நோய்களுக்கு அதிலிருந்து செய்த மருந்தை 2018-ல் அமெரிக்கா அனுமதித்தது. பொட்டலத்தில் வருவதை அதோடு சேர்க்க வேண்டாம். அமெரிக்காவில் பறிமுதலான கஞ்சாவைச் சோதித்தபோது 1995-ல் சுமார் 4 சதவீதமாக இருந்த டி.எச்.சி. 2014-ல் சுமார் 12 சதவீதம், சி.பி.டி. அதே காலத்தில் குறைந்துபோயிருந்தது. கேக்கில், பாலில் கலந்து சாப்பிடுவது இன்னொரு பொறி. ஏற ஒரு மணி, இரண்டு மணி நேரம்கூட ஆகும். ‘ஒன்றும் ஆகவில்லையே’ என்று இன்னொரு துண்டு உள்ளே போகும். கல்லீரல் அதை இன்னும் வீரியமான பொருளாக மாற்றி அனுப்பும்போது இரண்டும் சேர்ந்து தாக்கும்.

பையன் நிறுத்தினான். முதல் வாரம் தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை, எதற்கெடுத்தாலும் எரிச்சல். மூன்றாம் வாரம் அப்பா மருந்துக்கடையில் கிட் வாங்கிச் சிறுநீரைச் சோதிக்க, பாசிட்டிவ். கன்னத்தில் ஓர் அறை. டி.எச்.சி. கொழுப்பில் தங்கி மெல்ல மெல்ல வெளியேறுவது; தினமும் புகைத்தவருக்கு நிறுத்தி ஒரு மாதம் ஆனாலும் பாசிட்டிவ் காட்டலாம். பையன் பொய் சொல்லவில்லை என்பதை அப்பாவுக்குப் புரியவைக்க எனக்கு அரைமணி நேரம் ஆனது.

போலீசுக்குப் பயந்தே பல வீடுகளில் சிகிச்சையைத் தள்ளிப்போடுகிறார்கள். போதைக்கு அடிமையானவர் தானாக முன்வந்து அரசு அங்கீகரித்த மையத்தில் சிகிச்சை எடுத்தால், பயன்படுத்தியதற்கும் சிறிய அளவு வைத்திருந்ததற்கும் வழக்கிலிருந்து பாதுகாப்பு தர 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தில் 64ஏ என்ற பிரிவு இருக்கிறது. எங்கே போவது என்று தெரியாவிட்டால் போதை மீட்பு உதவி எண் 14446-க்குக் கூப்பிடுங்கள், கட்டணம் கிடையாது.