ரீஃபண்ட் விதியில் விட்டுப்போன 'தான்'

மென்பொருளைச் சோதிப்பது என் வேலை. புரோகிராம் எழுதத் தொடங்கும் முன்பே, வாடிக்கையாளர் தரும் தேவை ஆவணத்தைப் படித்துப் பார்ப்பதும் அதில் சேர்த்தி. பல பக்குகள், அதாவது மென்பொருள் பிழைகள், அந்த ஆங்கில வாக்கியங்களிலேயே பிறந்துவிடுகின்றன.

ஒரு பேருந்து முன்பதிவுத் தளம். 24 மணி நேரத்துக்கு முன் ரத்து செய்தால்தான் ரீஃபண்ட் என்பதை 'ஒன்லி இஃப்' போட்டு எழுதியிருந்தார்கள். டெவலப்பர் கண்ணில் 'இஃப்' பட்டது, 'ஒன்லி' படவில்லை. பண்டிகைக் கால சிறப்புப் பேருந்துக்கு ரீஃபண்டே கிடையாது என்று ஆவணத்தில் வேறு எங்கோ இருந்தது. அந்த டிக்கெட்டுகளுக்கும் பணம் திரும்பிப் போனது.

குறியீட்டில் எழுதினால் தவறு பளிச்சென்று தெரியும். 'ரீஃபண்ட் கிடைக்கும்' என்பதை ர என்றும், 'முன்கூட்டியே ரத்து' என்பதை மு என்றும் வைப்போம். அம்புக்குறியை 'என்றால்' என்று படிக்கலாம். ஆவணம் சொன்னது ர → மு. புரோகிராம் செய்தது மு → ர. முன்கூட்டியே ரத்து செய்வது அவசியம், ஆனால் அது மட்டும் போதாது. தமிழில் 'ரத்து செய்தால்', 'ரத்து செய்தால்தான்' என்ற இரண்டையும் நாம் குழப்பிக்கொள்வதே இல்லை. அதனால் 'ஒன்லி இஃப்' வந்தாலே அதை வாய்விட்டுத் தமிழில் ஒருமுறை சொல்லிப் பார்ப்பேன்.

'அண்ட்' என்ற சொல்லையும் அப்படியே நம்பக்கூடாது. 'மாணவர்களுக்கும் மூத்த குடிமக்களுக்கும் சலுகை' என்ற வாக்கியத்தில் 'அண்ட்' இருக்கிறதே என்று மா ∧ மூ (∧ என்றால் 'இரண்டும்') எழுதினால், மாணவராகவும் இருக்கிற மூத்த குடிமகனுக்குத்தான் சலுகை. அஞ்சல் வழியில் எம்.ஏ. படிக்கிற தாத்தா யாராவது வந்தால் உண்டு! அங்கே வேண்டியது மா ∨ மூ (∨ என்றால் 'அல்லது'). அந்தத் தாத்தாவும் இதில் அடக்கம், ஏனென்றால் ∨ இரண்டும் மெய்யாக இருப்பதையும் ஏற்கும்.

'அன்லெஸ்' இன்னும் வில்லங்கம். 'ஓடிபி போடாவிட்டால் கணக்கு பூட்டப்படும்' என்பது ¬ஓ → பூ (¬ என்றால் 'இல்லை'). ஓடிபி போட்டால் பூட்டப்படாது என்று அது சொல்லவே இல்லை. ஆனால் படிக்கிற எல்லோருக்கும் அப்படித்தான் கேட்கிறது. அங்கே ஊகிக்காமல் வாடிக்கையாளரிடமே கேட்டுவிடுவது நல்லது.

சரி, சந்தேகம் வந்தால் என்ன செய்வது? 'இந்த வாக்கியம் எப்போது பொய்யாகும்?' என்று கேட்பேன். இரு பக்கமும் மெய்யா பொய்யா என்ற எல்லாச் சேர்க்கைகளையும் எழுதிப் பார்ப்பதுதான் மெய் அட்டவணை. அம்புக்குறிக்கு அதில் நான்கு வரிசைகள். இடப்பக்கம் மெய்யாகி வலப்பக்கம் பொய்யாகும் ஒரே வரிசையில்தான் அது பொய். கேட்க எளிதாக இருக்கிறது, ஆனால் மனம் அந்தப் பக்கம் போகாது. 1966-இல் பீட்டர் வேசன் என்ற உளவியலாளர் எழுதிய அட்டைப் புதிர் இதைத்தான் காட்டியது. ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் எண். மேசையில் தெரிபவை ஓர் உயிரெழுத்து, ஒரு மெய்யெழுத்து, 4, 7. 'ஒரு பக்கம் உயிரெழுத்து என்றால் மறுபக்கம் இரட்டைப்படை எண்' என்ற விதியைச் சோதிக்க எவற்றைத் திருப்ப வேண்டும்? பலர் உயிரெழுத்தையும் 4-ஐயும் திருப்புவார்கள். 4-க்குப் பின்னால் என்ன இருந்தாலும் விதி உடையாது. திருப்ப வேண்டியது உயிரெழுத்தையும் 7-ஐயும்.

பேருந்துத் தளத்தில் நானும் 4-ஐத் திருப்பியவன்தான். முன்கூட்டியே ரத்து, பணம் வந்தது, பாஸ். கடைசி நேரத்தில் ரத்து, பணம் வரவில்லை, பாஸ். முன்கூட்டியே ரத்து செய்தும் பணம் வரக்கூடாத டிக்கெட் ஒன்றுகூட என் டெஸ்ட் கேஸ்களில் இல்லை.