சிறப்புப் பயிற்றுநர் வேலை: யார் சேரலாம், பெற்றோர் என்ன கேட்கலாம்

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஆசிரியர் தேர்வு வாரியம் 'சிறப்பாசிரியர்' என்று அறிவிப்பு விட்டால் அது ஓவியம், தையல், இசை, உடற்கல்விக்கு. மாற்றுத்திறன் குழந்தைகளுக்கும், எழுதப் படிக்கத் திணறும் குழந்தைகளுக்கும் துணை நிற்பவர் 'சிறப்புப் பயிற்றுநர்'. போன வாரம்கூட பல்லடத்திலிருந்து ஒரு பெண், "ஏனுங்க்கா, நான் தையல் டிப்ளமோ முடிச்சிருக்கறனுங்க, இந்த வேலைக்குப் போடலாங்களா?" என்று கேட்டாள். போட முடியாது.

இதற்குச் சிறப்புக் கல்வியில் டி.எட். அல்லது பி.எட். வேண்டும். டி.எட். பிளஸ் டூவுக்குப் பிறகு, பி.எட். டிகிரிக்குப் பிறகு. கோவையில் அவிநாசிலிங்கம், பெரியநாயக்கன்பாளையம் ராமகிருஷ்ண மிஷன் விவேகானந்தா கல்வி நிறுவனம் ஆகிய இரண்டிலும் சிறப்புக் கல்வித் துறை இருப்பதால் நம் பக்கத்துப் பிள்ளைகள் சென்னைக்கு ஓட வேண்டியதில்லை. சேரும் முன் அந்தப் படிப்புக்கு இந்திய மறுவாழ்வுக் கழகத்தின் (ஆர்.சி.ஐ.) அங்கீகாரம் நடப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். முடித்ததும் அதே கழகத்தில் பதிவு எண் வாங்க வேண்டும். பதிவில்லாமல் இந்த வேலை பார்ப்பது 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

அரசுப் பக்கம், ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் வட்டார வள மையத்தை, அதாவது ஒரு வட்டாரத்துப் பள்ளிகளுக்கெல்லாம் துணை நிற்கும் அலுவலகத்தை, மையமாக வைத்து வேலை. தொகுப்பூதியம்தான். 2024-25இல் மத்திய அரசு இந்தத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கான நிதியை நிறுத்திவைத்தபோது எங்களைப் போன்ற சிறப்புப் பயிற்றுநர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இருந்ததையும் சொல்லத்தான் வேண்டும். ஒரே பள்ளியில் உட்கார முடியாது. திங்கள் ஒரு ஊர், செவ்வாய் வேறு ஊர். தாளவாடி மலைப் பக்கம் என்றால் பாதிப் பொழுது பஸ்ஸிலேயே போய்விடும். தொடக்கப் பள்ளியில் மாற்றுத்திறன் பிள்ளைகள் 10 பேருக்கு ஒரு சிறப்புப் பயிற்றுநர், அதற்கு மேல் வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் என்று உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் சொன்னது. பணியிடங்களை உருவாக்கி நிரப்பச் சொல்லி 2025 மார்ச்சில் மறுபடியும் உத்தரவு போட்டது.

வேலை எப்படி இருக்கும்? நாலாம் வகுப்புப் பையன் ஒருவன். அப்பா தறிக் குடோனில். நூல் கோன் எத்தனை வந்தது, எத்தனை போனது என்று வாயிலேயே கணக்குச் சொல்வான். நோட்டில் எழுதச் சொன்னால் 36 என்பது 63 ஆகிவிடும். 'பட்டம்' என்பதைப் 'படம்' என்று படிப்பான். சோம்பேறி என்று அடி வாங்கியதுதான் மிச்சம். ஒரு அட்டையில் ஒரு வரி மட்டும் தெரிகிற மாதிரி சன்னல் வெட்டிக் கொடுத்தேன். மணல் தட்டில் விரலால் எழுத வைத்தேன். அவன் ஒரு பத்தியைத் தடுமாறாமல் படிக்க ஏழு மாதம் ஆனது. வகுப்பாசிரியரும் அதே அட்டையைத் தன் பாடவேளையில் பயன்படுத்தியதால்தான் அதுவும் நடந்தது. வாரம் ஒரு நாள் வந்துபோகிற நான் மட்டும் முயன்று ஆகிற காரியம் இல்லை.

இப்போது பெற்றோருக்கு. அந்தப் பையனுக்கு இருந்தது போன்ற கற்றல் குறைபாடு, 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிட்ட 21 வகைகளில் ஒன்று. குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று சான்று இருந்தால் 6 முதல் 18 வயது வரை அருகிலுள்ள பள்ளியிலோ, விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி உரிமை. படுத்த படுக்கையாக இருக்கும் குழந்தைக்கு வீட்டிலேயே கல்வி கேட்கலாம். மேலே சொன்ன ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் குழந்தைக்கு ஆண்டுக்கு 3,500 ரூபாய் வரை ஒதுக்கீடு. அது கையில் தரும் பணமில்லை, கருவிக்கும் பயிற்சிக்கும். பெண் குழந்தைகளுக்குத் தனியாக மாதம் 200 ரூபாய் வீதம் பத்து மாதம் உண்டு.

பத்து, பிளஸ் டூ பொதுத்தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுத ஆள், மொழிப்பாட விலக்கு எல்லாம் உண்டு. விலக்கை மட்டும் யோசித்து வாங்குங்கள். எழுத ஆள் கிடைத்தால் போதும் என்கிற பிள்ளையை அந்தப் பாடத்திலிருந்தே எடுத்துவிடாதீர்கள்.

சலுகை எல்லாம் சான்றிதழைப் பொறுத்தது. எட்டு வயதிலேயே வாங்கலாம், 14இலும் 18இலும் மறுபடி சோதிக்க வேண்டும் என்றது, 2024இல் புதியது வருவதற்கு முன்பிருந்த 2018ஆம் ஆண்டு வழிகாட்டுதல். மூன்றாம் வகுப்பிலேயே ஆசிரியர் முதல்கட்டமாகப் பார்த்துவிட வேண்டும் என்பதும் அதிலேயே இருந்தது. ஆனால் நடப்பது வேறு. பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வு முடிந்து, முட்டை மார்க்கைப் பார்த்த பிறகு ஓடி வருவார்கள். அப்படி வந்த ஒரு அம்மா, பனியன் கம்பெனியில் ஷிப்ட் மாற்றிக்கொண்டு இரண்டு முறை ஆஸ்பத்திரிக்கு அலைந்தார். சான்று தரும் மருத்துவக் குழு கூடும் நாள் பொதுத்தேர்வுக்குப் பிறகுதான் கிடைத்தது. "முன்னாடியே யாராச்சும் சொல்லியிருக்கலாமில்லைங்க மிஸ்" என்றார். நான் அந்தப் பள்ளிக்கு இரண்டு வருடமாகப் போய் வந்துகொண்டிருந்தவள்.

அதனால் இரண்டாம், மூன்றாம் வகுப்பிலேயே சந்தேகம் வந்தால் தலைமையாசிரியரிடம் எழுத்தில் கொடுங்கள். வட்டார வள மையத்தில் மருத்துவ முகாம் எப்போது என்று கேளுங்கள். நகரவில்லை என்றால் கலெக்டர் அலுவலகத்தில் திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள். பிள்ளையின் நோட்டில் இரண்டு பக்கம் ஜெராக்ஸ் எடுத்து மனுவோடு வையுங்கள். மனு எண் வாங்காமல் வெளியே வராதீர்கள்.