இலவச எரு என்று கசடு வந்தால் முதலில் தேதியைக் குறியுங்கள்

கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக் கசடில் தழைச்சத்தும் மணிச்சத்தும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஊர்ச் சாக்கடையில் சாயப்பட்டறையும் முலாம் பூசும் பட்டறையும் கலந்தால் காட்மியம், குரோமியம், ஈயம் போன்ற கனஉலோகங்கள் எல்லாம் அந்தக் கசடில் போய்த் தங்கும். மக்கவைத்தாலும் போகாது.

விதி இருக்கிறது. உரக் கட்டுப்பாட்டு ஆணை 1985-இன்படி விற்பனைக்கு வரும் நகரக் கம்போஸ்டில், அதாவது ஊர்க் குப்பையை மக்கவைத்த எருவில், கிலோவுக்குக் காட்மியம் 5 மில்லிகிராம், குரோமியம் 50, ஈயம் 100-ஐத் தாண்டக் கூடாது. ஆலைக் கழிவுநீரிலிருந்து வரும் ரசாயனக் கசடு 2016 அபாயகரக் கழிவு விதிகளில் வருகிறது. அதை எருவாகக் கொடுக்கவே முடியாது.

மூட்டையில் வராமல் லாரியில் சும்மா கொட்டினால்தான் அலைச்சல். வேளாண் அலுவலகம், "விற்ற உரம் இல்லையே, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தைப் பாருங்க" என்னும். அங்கே, "நகராட்சிக் கசடு, நகராட்சியைக் கேளுங்க". நகராட்சியில், "கான்ட்ராக்டர் எடுத்துட்டுப் போனார்". கலெக்டரிடம் திங்கட்கிழமை மனு கொடுத்தால், அது சுற்றிவிட்டு முதலில் கைவிரித்த மேசைக்கே வந்து சேரும்.

இதற்குள் கெடு ஓடிவிடும். சுற்றுச்சூழல் வழக்குகளுக்கென்று இருக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் 2010 சட்டத்தில், கொட்டுவதைத் தடுக்கக் கேட்டுப் போக 6 மாதம். இழப்பீடும் நிலச் சீரமைப்பும் கேட்க 5 ஆண்டு. இரண்டுமே பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து. தகுந்த காரணம் இருந்தால் மேலே 60 நாள், அவ்வளவுதான். வேறு அலுவலகத்தில் மனு நிலுவையில் இருப்பதால் கெடு நிற்காது. தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது.

அடுத்த பொறி மண்வள அட்டை, அரசு மண் பரிசோதனை செய்து விவசாயிக்குத் தருவது. அதில் 12 வரி: தழை, மணி, சாம்பல், கார அமிலநிலை, துத்தநாகம், தாமிரம் என்று போகும். காட்மியத்துக்கு வரியே கிடையாது, ஈயத்துக்கும் இல்லை. அந்த அட்டையைக் காட்டியே "மண் நல்லாத்தானே இருக்கு" என்று திருப்பி அனுப்பப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். கனஉலோகப் பரிசோதனை என்று எழுதிக் கேளுங்கள், அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில். கசடு படாத பக்கத்து வயல் மண்ணையும் சேர்த்துக் கொடுங்கள். இல்லையென்றால் "இந்தப் பகுதி மண்ணே அப்படித்தான்" என்பார்கள்.

குத்தகைக்காரர்களுக்கு இன்னொரு தொல்லை. பட்டா வேறு பெயரில் இருக்கும், "நீங்க யாரு?" என்பார்கள். பாதிக்கப்பட்டவரும் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், நில உரிமையாளர் மட்டும்தான் என்றில்லை. ஆனால் சாகுபடி உங்களுடையது என்று காட்ட, யார் என்ன பயிர் செய்கிறார் என்று எழுதிவைக்கும் கிராமக் கணக்கான அடங்கலில் பெயர் இருந்தால் பாதிச் சண்டை மிச்சம். விஏஓவிடம் இப்போதே கேட்டு வையுங்கள்.

காகிதம் வேண்டுமானால் தகவல் உரிமை மனு. 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, கசடின் பரிசோதனை அறிக்கை, லாரி நடைப் பதிவேடு, கான்ட்ராக்டர் ஒப்பந்தம் மூன்றையும் கேளுங்கள். "எங்க ஆபீஸ் இல்லை" என்று தள்ள முடியாது. பிரிவு 6(3)-இன்படி உரிய அலுவலகத்துக்கு 5 நாளில் அவர்களே அனுப்ப வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

அப்புறம், லாரிக்காரர் நீட்டும் தாளில் "சம்மதத்துடன் பெற்றுக்கொண்டேன்" என்று இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். வண்டி எண் தெரியும்படி ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.