நான்காக மடித்த சீட்டும் 16 புள்ளி 16 வரிசையும்

தரமணி பக்கம் ஒரு கல்லூரியில் இணையப் பாதுகாப்பு பற்றிப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். பேசி முடித்து "யாருக்காவது சந்தேகம் இருக்கா?" என்று கேட்டால் மொத்தக் கூடமும் மின்விசிறியைப் பார்க்கும் என்பது என் அனுபவம். அதனால் ஒரு காலி பிஸ்கட் டப்பாவைச் சுற்றுக்கு விட்டேன். பெயர் போடாமல் எழுதிப் போடலாம். வந்த சீட்டுகளில் பாதி பாஸ்வேர்டு பற்றியவை. ஒன்று மட்டும் நான்காக மடித்து, மடிப்பின் மேல் நகத்தால் அழுத்தித் தேய்க்கப்பட்டிருந்தது. உள்ளே பென்சிலில் ஒரே ஒரு வரி: "சார், ஒருத்தரோட அந்தரங்கப் படத்தை நெட்ல இருந்து எடுக்கணும்னா, அதை முதல்ல யாராவது பார்த்துத்தான் ஆகணுமா?"

"இல்லை" என்று சொன்னேன். ஏன் இல்லை என்று சொல்வதற்குள் அடுத்த வகுப்புக்கு மணி அடித்துவிட்டது. விட்ட இடத்திலிருந்து இங்கே தொடர்கிறேன்.

அந்தக் கேள்வியில் இருந்த பயம் நியாயமானது. 2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு பெண் வழக்கறிஞரின் மனு விசாரணைக்கு வந்தது. அவருக்குத் தெரியாமல் எடுக்கப்பட்ட வீடியோ ஆபாசத் தளங்களில் ஏறியிருந்தது. 48 மணி நேரத்துக்குள் அகற்ற வேண்டும் என்று நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் மத்திய அரசுக்கு உத்தரவிட்டார். அகற்றவும் செய்தார்கள். ஆனால் ஒரு பக்கம் எடுக்க எடுக்க, இன்னொரு பக்கம் வேறு தளங்களில் அது தலைகாட்டிக்கொண்டே இருந்தது. விசாரணையின்போது ஆண் காவலர்கள் மத்தியில் அந்த வீடியோவைப் பார்க்க வேண்டியிருந்தது என்றும் அந்தப் பெண்ணின் தரப்பு நீதிமன்றத்தில் சொன்னது. எடுக்கச் சொல்லிப் போன இடத்தில் இன்னொரு முறை காட்டப்படுவது எவ்வளவு பெரிய கொடுமை.

சரி, பார்க்காமல் எப்படி அடையாளம் காண்பது?

கணினியில் பழைய வழி ஒன்று உண்டு. எந்தக் கோப்பைக் கொடுத்தாலும் அதை அரைத்து, குறிப்பிட்ட நீளத்தில் ஓர் எண்ணாகக் கொடுக்கும் சூத்திரங்கள் இருக்கின்றன. அந்த எண்ணை ஹேஷ் என்பார்கள். கோப்பின் கைரேகை என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு கோப்புகளின் ஹேஷ் ஒன்றாக இருந்தால் இரண்டும் ஒரே கோப்பு. வங்கிகள் முதல் மென்பொருள் நிறுவனங்கள் வரை எல்லாரும் நம்பும் வழி இது. படங்கள் விஷயத்தில் மட்டும் சொதப்பிவிடும். காரணம் வாட்ஸ்அப். நீங்கள் ஒரு படத்தை அனுப்பும்போது அது அளவைக் குறைத்து, மறுபடி சுருக்கித்தான் அனுப்புகிறது. கண்ணுக்கு அதே படம்தான், ஆனால் உள்ளே இருக்கும் எண்கள் எல்லாம் மாறிவிட்டன. பழைய வகை ஹேஷுக்கு ஓர் எழுத்து மாறினாலும் மொத்தக் கைரேகையும் தலைகீழாகிவிடும். நான்கு குரூப் தாண்டி வந்த படமும் முதல் படமும் அதன் கணக்கில் அண்ணன் தம்பிகூடக் கிடையாது.

ஆகவே கோப்பை விட்டுவிட்டு, படத்தின் சாயலை எண்ணாக்கும் ஒரு ஹேஷ் தேவைப்பட்டது. 2009-ல் மைக்ரோசாஃப்ட் நிறுவனமும் டார்ட்மவுத் கல்லூரியின் ஹனி ஃபரீதும் சேர்ந்து ஃபோட்டோ டிஎன்ஏ என்பதைக் கொண்டுவந்தார்கள். குழந்தைகள் மீதான பாலியல் கொடுமையின் படங்களைக் கண்டுபிடிப்பதற்காகவே உருவானது அது. பத்து ஆண்டு கழித்து, 2019-ல் ஃபேஸ்புக் தன்னுடைய பிடிக்யூ என்ற முறையை எல்லாரும் பயன்படுத்தும்படி திறந்துவிட்டது. எப்படி வேலை செய்கிறது என்பது வெளிப்படையாகத் தெரிவதால் அதையே எடுத்துக்கொள்கிறேன். விளக்குவதற்குக் கோலம் போதும்.

மார்கழி விடியலில் மயிலாப்பூர் மாட வீதியில் ஒரு வாசலை நினைத்துக்கொள்ளுங்கள். ஈரத் தரையில் கோலத்தைப் போனில் படம் எடுக்கிறீர்கள். பிடிக்யூ முதலில் அந்தப் படத்தின் நிறத்தை எல்லாம் கழற்றிவிட்டுக் கறுப்பு வெள்ளை ஆக்கும். பிறகு 64-க்கு 64 கட்டங்கள் கொண்ட சின்ன வில்லையாகக் குறுக்கிவிடும். இப்போதே கோல மாவின் நுணுக்கம், செங்காவியின் விரிசல் எல்லாம் போய்விட்டது. அடுத்து, அந்த வில்லையில் வெளிச்சம் எப்படி அலை அலையாக ஏறி இறங்குகிறது என்று அளக்கும். மேலே வாசற்படி இருட்டு, கீழே கோலம் வெளுப்பு என்றால் அது ஒரு பெரிய அலை. ஒரு இழைக்கும் அடுத்த இழைக்கும் நடுவே வரும் ஏற்ற இறக்கம் சின்ன அலை. (இப்படி அலைகளாகப் பிரிக்கும் கணக்கை 1970-களின் தொடக்கத்தில் உருவாக்கியவர் பெங்களூரில் பிறந்த நசீர் அகமது. உங்கள் போன் படங்களைச் சுருக்கி வைப்பதும் இதே கணக்கை வைத்துத்தான்.)

பொடி அலைகளைத் தள்ளிவிட்டுப் பெரிய அலைகளில் 256 எண்களை மட்டும் எடுத்து அடுக்குகிறார்கள். 16 புள்ளி, 16 வரிசை, நேர்ப்புள்ளி. கோலப் புத்தகத்தில் போட்டிருப்பது மாதிரியேதான். அப்புறம் அந்த 256 எண்களின் நடு மதிப்பைக் கண்டுபிடித்து, ஒவ்வொரு புள்ளியையும் அதோடு ஒப்பிடுகிறார்கள். நடு மதிப்புக்கு மேலே என்றால் 1, இல்லாவிட்டால் 0. வேலை முடிந்தது. படம் இருந்த இடத்தில் இப்போது 256 ஒன்றும் சுழியமும் இருக்கின்றன. இதிலிருந்து யாருடைய முகத்தையும் மீட்க முடியாது. வாசலில் வைத்த புள்ளிகளை மட்டும் பார்த்துவிட்டு, அதைப் போட்டவர் கட்டியிருந்த புடவையின் நிறத்தை யாராலாவது சொல்ல முடியுமா?

ஒப்பிடுவது இன்னும் எளிது. இரண்டு படங்களின் புள்ளிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, எத்தனை இடத்தில் மாறுகிறது என்று எண்ண வேண்டும். சம்பந்தமில்லாத இரண்டு படங்கள் என்றால், காசு சுண்டிப் போட்ட கணக்கில், ஏறக்குறைய பாதி, அதாவது 128 புள்ளிகள் மாறும். வாட்ஸ்அப்பில் சுருங்கி வந்த அதே படம் என்றால் மிகச் சில புள்ளிகளே மாறும். 31 அல்லது அதற்குக் குறைவு என்றால் ஒரே படம் என்று எடுத்துக்கொள்வது வழக்கம்.

2021 டிசம்பரில் தொடங்கிய ஸ்டாப்என்சிஐஐ என்ற இலவச சேவை இந்த அடிப்படையில்தான் இயங்குகிறது. பிரிட்டனில் இத்தகைய பாதிப்புகளுக்கு உதவி எண் நடத்தும் அமைப்பு நடத்துகிறது. 18 வயது தாண்டிய யாரும், எந்த நாட்டிலிருந்தும் பயன்படுத்தலாம். படத்தை அவர்களுக்கு அனுப்புவதில்லை. உங்கள் போனிலேயே ஹேஷ் போடப்பட்டு, அந்த எண் மட்டும் வெளியே போகிறது. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், டிக்டாக், ரெட்டிட் போன்ற தளங்கள் அந்தப் பட்டியலை வாங்கி, தங்களிடம் ஏறும் படங்களோடு ஒப்பிடுகின்றன. கையில் ஒரு புகார் எண்ணும் பின் (PIN) எண்ணும் கிடைக்கும், நிலவரம் பார்த்துக்கொள்ளலாம். 18-க்குக் கீழே இருந்தபோது எடுக்கப்பட்ட படம் என்றால் டேக் இட் டவுன் என்று தனிச் சேவை இருக்கிறது. சீட்டு எழுதியவருக்கு நான் சொன்ன "இல்லை"க்கு இவ்வளவுதான் அர்த்தம்.

இதுவரை சொன்னது கணக்கு. ஆனால் இப்படி ஒரு கணக்குக்குத் தேவை ஏன் வந்தது என்பதையும் பேசித்தான் ஆக வேண்டும்.

'ஆபாசத் தளத்தில் வருபவர்கள் காசு வாங்கிக்கொண்டு நடிப்பவர்கள், பார்த்தால் யாருக்கு என்ன நஷ்டம்?' என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். விருப்பத்தோடு நடிப்பவர்களும் இருக்கலாம். சிக்கல் என்னவென்றால், வீடியோவில் எல்லாம் தெரியும், சம்மதம் மட்டும் தெரியாது. அறைக்குள் நடந்தது தெரியும், அறைக்கு எப்படி வரவழைக்கப்பட்டார் என்பது தெரியாது. அமெரிக்காவின் சான் டியாகோவில் ஒரு தளம் பல ஆண்டுகள் இப்படித்தான் நடந்தது. ஆடையோடு மாடலிங் என்று விளம்பரம் கொடுத்து இளம்பெண்களை வரவழைப்பார்கள். வந்த பிறகு பேச்சு மாறும். வெளிநாட்டில் டிவிடியில் மட்டும் விற்போம், இணையத்தில் ஒருபோதும் வராது என்று சத்தியம் செய்வார்கள். பிறகு அதே வீடியோ இணையத்தில் வரும். 22 பெண்கள் வழக்குப் போட்டு 2020 ஜனவரியில் வென்றார்கள். ஓடிப்போன உரிமையாளர் 2022-ல் ஸ்பெயினில் பிடிபட்டு, 2025-ல் 27 ஆண்டு சிறைத் தண்டனை பெற்றார். அந்த வீடியோக்களைப் பார்த்த லட்சக்கணக்கானவர்களுக்குத் திரையில் தெரிந்தது சிரித்த முகங்கள்தான்.

சிரிப்பை வைத்துத் தீர்மானிக்க முடியாது என்பதைப் பெரிய தளங்களும் ஒருவகையில் ஒப்புக்கொண்டன. 2020 டிசம்பரில், விசாவும் மாஸ்டர்கார்டும் பணப் பரிமாற்றத்தை நிறுத்தியபோது, யார் ஏற்றினார்கள் என்று சரிபார்க்கப்படாத வீடியோக்கள் எல்லாவற்றையும் பார்ன்ஹப் நீக்கியது. இருந்ததில் பெரும்பகுதி அப்படியே காணாமல் போனது. மனசாட்சி செய்யாததைக் கடன் அட்டை செய்தது.

இது அமெரிக்க விவகாரம் என்று ஒதுக்கவும் முடியாது. 2001-லேயே சென்னையில் ஓர் எலும்பு மருத்துவர், தன் பிடியில் சிக்கியவர்களைப் படமெடுத்து வெளிநாட்டு வழியாக இணையத்தில் ஏற்றிய வழக்கில் கைதாகி, 2008-ல் ஆயுள் தண்டனை பெற்றார். பர்மா பஜாரில் போலீஸ் சாக்குச் சாக்காக சிடிக்களை அள்ளிய காலம் அது. சிடி என்றால் அள்ளலாம், உடைக்கலாம். இணையத்தில் போனது அப்படி இல்லை. பொள்ளாச்சியை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2025 மே 13 அன்று ஒன்பது பேருக்கும் ஆயுள் தண்டனை கொடுக்கப்பட்ட அந்த வழக்கில் வீடியோதான் கயிறு. முதல் கொடுமையைப் பதிவு செய்து, அதைக் காட்டியே அடுத்ததற்குக் கட்டி இழுத்தார்கள். வெளியே போட்டால் ஆயிரம் பேர் பார்ப்பார்கள் என்ற பயம்தான் அந்தக் கயிற்றின் பலம். பார்க்க ஆள் இல்லாத ஊரில் அந்த மிரட்டல் செல்லுபடியாகாது. ஆபாசத்துக்கும் பாலியல் சுரண்டலுக்கும் என்ன தொடர்பு என்று கேட்டால் நான் முதலில் காட்டுவது இந்த இடத்தைத்தான்.

குழந்தைகள் விஷயத்தில் சட்டம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. அமெரிக்க இணைய நிறுவனங்கள் தங்கள் தளத்தில் இப்படிப்பட்ட படங்களைக் கண்டால் அங்குள்ள ஒரு தேசிய மையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். 2023-ல் மட்டும் அங்கே குவிந்தவை 3 கோடியே 62 லட்சம் அறிக்கைகள். இந்தியா தொடர்பானவை தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வழியாக மாநிலங்களுக்கு வரும். அப்படி வந்த தகவலில்தான் 2020 ஜனவரியில் அம்பத்தூர் அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் ஒரு வழக்குப் பதிவானது. தனியாகப் பார்த்தது குற்றமாகாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜனவரியில் அதை ரத்து செய்தது. அதே ஆண்டு செப்டம்பர் 23-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைப் புரட்டிப் போட்டது. 'குழந்தை ஆபாசப் படம்' என்ற சொல்லையே நீதிமன்றங்கள் பயன்படுத்தக் கூடாது, குழந்தைகள் பாலியல் ரீதியாகச் சுரண்டப்பட்டதன் பதிவு என்று சொல்ல வேண்டும் என்றது. வார்த்தையை மாற்றியதுதான் அந்தத் தீர்ப்பில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

ஹேஷால் முடியாததையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மந்திரக்கோல் விற்றவன் ஆகிவிடுவேன். பட்டியலில் இல்லாத புதுப் படம் அதற்குத் தெரியாது. படத்தைக் கணிசமாக வெட்டினால், சுற்றிலும் பெரிய பார்டர் போட்டால், புள்ளிகள் குழம்பிவிடும். பட்டியலில் சேராத தளங்கள் ஏராளம். வாட்ஸ்அப் செய்திகள் பூட்டிப் போவதால் நடுவில் ஒப்பிட வழியில்லை. செயற்கை நுண்ணறிவில் முகத்தை ஒட்டித் தயாரிக்கும் போலிப் படங்கள் ஒவ்வொன்றும் புதுப் படம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே புள்ளி வைத்தாக வேண்டும். தளத்துக்கே நேரடியாகப் புகார் கொடுக்கும் வழி அதனால் இன்னும் அவசியமாகத்தான் இருக்கிறது. 2021-ன் தகவல் தொழில்நுட்ப விதிகள் இத்தகைய படங்களை அகற்ற நிறுவனங்களுக்கு முதலில் கொடுத்த கெடு 24 மணி நேரம், 2026-ல் அது இன்னும் குறைக்கப்பட்டது.

அன்று டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது அடியில் இன்னொரு சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தது. அதே பென்சில், அதே மடிப்பு. "அவன் போன்ல இருக்கிற காப்பியை என்ன பண்றது சார்?"

அதற்குப் புள்ளிக் கணக்கில் பதில் இல்லை. பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆம் பிரிவில் இருக்கிறது. படமெடுக்கச் சம்மதித்திருந்தாலும், பரப்பச் சம்மதிக்காதபோது பரப்பினால் குற்றம் என்று அதன் விளக்கத்தில் எழுதியிருக்கிறது. இணையக் குற்ற உதவி எண்ணான 1930-க்குப் போன் செய்யலாம். பெண்கள், குழந்தைகள் தொடர்பான இணையக் குற்றங்களை மத்திய அரசின் இணையக் குற்றத் தளத்தில் பெயர் சொல்லாமலும் பதியலாம். மறுநாள் இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி, துறை அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொல்லி அனுப்பினேன். யாருக்கு என்று அதில் எழுதவில்லை.