தவளைத் தொட்டியின் பின்சுவர் எப்படி வேலை செய்கிறது?

பெரு நாட்டு மழைக்காடுகளில் ரானிட்டோமியா இமிட்டேட்டர் என்றொரு நச்சுத் தவளை வாழ்கிறது. முழுதாக வளர்ந்தாலும் சுமார் 2 சென்டிமீட்டர்தான். ஆணும் பெண்ணும் ஜோடி மாறாமல் சேர்ந்தே குஞ்சுகளை வளர்க்கும். அப்பன் தவளை தலைப்பிரட்டையை முதுகில் சுமந்துபோய், இலையிடுக்கில் தேங்கிய துளித் தண்ணீரில் விடும். தாய் அங்கே வந்து, அதற்கு உணவாகக் கருவுறாத முட்டைகளை இடும். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இதைப் பலர் வீட்டில் வளர்க்கிறார்கள். நஞ்சைப் பற்றிப் பயம் வேண்டாம். காட்டில் தின்னும் எறும்பு, உண்ணி போன்றவற்றிலிருந்துதான் அதற்கு நஞ்சு சேர்கிறது. பழ ஈ தின்று தொட்டியிலேயே பிறந்து வளர்ந்த தவளையிடம் அது இருப்பதில்லை.

இந்தத் தவளைக்குத் தரையைவிட மேல்தளம்தான் முக்கியம். 45 சென்டிமீட்டர் அகலமும் ஆழமும், 60 சென்டிமீட்டர் உயரமும் உள்ள ஒரு கண்ணாடித் தொட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். தரையின் பரப்பு 2,025 சதுர சென்டிமீட்டர். பின்பக்கமும் இரு பக்கவாட்டும் சேர்ந்தால் 8,100. அதாவது தரையைப் போல் நான்கு மடங்கு இடம் சுவரில் இருக்கிறது. வெறும் கண்ணாடியாக விட்டால் அது வீண். காட்டுப் படத்தை வெளியே ஒட்டிவிட்டுத் திருப்திப்படுவது நம் கண்ணுக்கு மட்டும்தான் உதவும். தவளைக்கு வேண்டியது ஏறவும் ஒளியவும் ஈரம் காக்கவும் ஏற்ற சுவர். அதை வீட்டிலேயே செய்யலாம்.

செய்யும் முன் தவளையின் தோலைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை. அடிவயிற்றிலும் தொடைப் பக்கத்திலும் உள்ள மெல்லிய தோல் வழியாக உறிஞ்சிக்கொள்கிறது. சுவரிலிருந்து எது கசிந்தாலும் அதே வழியில் ரத்தத்துக்குப் போய்விடும். எந்தப் பொருளை வாங்கினாலும் இதை மனதில் வைத்துத்தான் வாங்க வேண்டும்.

சுவரின் உடல் பியூ ஃபோம், அதாவது பாலியூரித்தேன் நுரை. ஜன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடைவெளியை அடைக்க ஹார்டுவேர் கடைகளில் விற்கும் அதே டப்பாதான். உள்ளே இருக்கும் திரவத்தில் ஐசோசயனேட் என்ற வேதிக்குழுக்கள் உள்ளன. வெளியே வந்ததும் அவை காற்றின் ஈரத்தோடு வினைபுரிந்து கார்பன் டை ஆக்சைடை விடுகின்றன. நுரை உப்புவதற்கு அந்த வாயுவும் ஒரு காரணம். அதே வினையில் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து கெட்டிப்படுகின்றன. ஆக, இந்த நுரை காய்வதற்கே தண்ணீர் தேவை. ஒரேயடியாகத் தடிமனாகப் பீய்ச்சினால் மேல்தோல் முதலில் இறுகி, ஈரம் உள்ளே போக வழியில்லாமல் நடுப்பகுதி பிசுபிசுவென்றே கிடக்கும். தொட்டியை மல்லாக்கப் படுக்கவைத்து, மெல்லிய அடுக்காகப் போட்டு, லேசாகத் தண்ணீர் தெளித்து, அது இறுகியபின் அடுத்த அடுக்குக்குப் போவதுதான் முறை. கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம், ஜன்னல் திறந்திருக்கட்டும். காயாத ஐசோசயனேட் நுரையீரலுக்குக் கெடுதல், ஆஸ்துமாவையே கிளப்பிவிடும். முழுதாக இறுகியபின் வினைபுரிய எதுவும் மிஞ்சாது.

இன்னொரு விஷயம். நுரை கண்ணாடியில் நெடுநாள் ஒட்டி நிற்காது. ஈரத்தில் மெல்ல உரிந்து வரும், பின்னால் ஒரு சந்து உண்டாகும். 2 சென்டிமீட்டர் தவளை அதில் நுழைந்து சிக்கினால் அவ்வளவுதான். அதனால் முதலில் கண்ணாடியின் மேல் சிலிக்கோன் பசை பூசிக் காயவிட்டு, அதன்மேல் நுரை போடுகிறார்கள். கண்ணாடி என்பது சிலிக்கானும் ஆக்சிஜனும் மாறி மாறிக் கோத்த வலை. சிலிக்கோன் பசையின் முதுகெலும்பும் அதே இணைதான். இரண்டுக்கும் இடையே உண்மையான வேதிப்பிணைப்பு உண்டாவதால்தான் பிடி இவ்வளவு உறுதி.

நுரை காய்ந்ததும் கத்தியால் செதுக்க வேண்டும். இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இது. வழவழப்பான மேல்தோலை முழுக்கச் சீவி எடுங்கள். உள்ளே வெட்டுப்பட்ட குமிழ்கள் சின்னச் சின்னக் குழிகளாகத் திறந்திருக்கும், பசை அவற்றுக்குள் இறங்கிப் பிடித்துக்கொள்ளும்.

இப்போது மறுபடி சிலிக்கோன் பசை. குளியலறைக்கென்று விற்கும் ரகம் வேண்டாம், அதில் பூஞ்சைக்கொல்லி கலந்திருக்கும். மீன்தொட்டிக்கானதை வாங்குங்கள். பழுப்பு அல்லது கறுப்பு நிறமென்றால் மஞ்சள் நுரையும் மறையும். உள்ளங்கை அளவு இடத்தில் பூசி, உலர்ந்த தென்னைநார்த் துகளைக் கைநிறைய அள்ளிப் போட்டு நன்றாக அழுத்துங்கள். பத்து நிமிடத்துக்குள் பசையின் மேல் ஆடை படிந்துவிடும், அப்புறம் எதுவும் ஒட்டாது. அதனால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நகர வேண்டும். காயும்போது வரும் வினிகர் வாடை அசிட்டிக் அமிலத்தினுடையது. அந்த வாடை முற்றிலும் போகும்வரை தொட்டி திறந்தே இருக்கட்டும்.

துகள், பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து கட்டிகளாக அழுத்தி வெளிநாடுகளுக்குப் போகிறதே, அதேதான். மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருள் நிறைந்திருப்பதால் சீக்கிரம் மட்காது, தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்துவைக்கும். கண்ணாடியில் தெளித்த நீர் வழிந்து போய்விடும். துகளில் தெளித்தது மணிக்கணக்கில் ஆவியாகி, தொட்டிக்குள் ஈரப்பதத்தைத் தாங்கி நிற்கும். பாசியும் வேர்களும் பற்றிக்கொள்ளவும் இதுவே இடம். ஆனால் இதில் உப்பு இருக்கக்கூடும். பலமுறை அலசிக் காயவைத்துவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும்.

சுவரின் மேல்பகுதி சீக்கிரம் உலரும், வெளிச்சமும் அங்கே அதிகம். அன்னாசிக் குடும்பத்துப் புரோமிலியாட் செடிகளை அங்கே வையுங்கள். அவற்றின் வேர் பெரும்பாலும் பிடிமானத்துக்குத்தான். இலைக்கிண்ணத்தில் தண்ணீர் நின்றால் போதும், தலைப்பிரட்டைக்கு வீடும் ஆயிற்று. பாசி கீழே இருக்கட்டும். ஸ்பிரிங்டெயில் எனப்படும் மிகச்சிறிய வெள்ளை உயிரிகளையும் விட்டுவிட்டால் பூஞ்சையை அவை மேயும், அவற்றைத் தவளை மேயும். செடிகள் வேர் பிடிக்கச் சில வாரம் பொறுத்துத்தான் தவளையை விட வேண்டும், அதுவும் வளர்ப்பில் பிறந்ததை மட்டும்.

தொட்டியின் அடியில் சேரும் தண்ணீரை அப்படியே சாக்கடையிலோ குளத்திலோ கொட்டக்கூடாது. உலகெங்கும் தவளை இனங்களை அழித்துவரும் கைட்ரிட் பூஞ்சை தண்ணீர் வழியாகப் பரவும். அந்தப் பூஞ்சைக்கு 1999-இல் அறிவியல் பெயர் சூட்டப்பட்டபோது, ஆய்வுக்கு எடுத்தது வாஷிங்டன் தேசிய விலங்குக் காட்சியகத்தில் இறந்த ஒரு நீல நச்சுத் தவளையைத்தான். வடித்த தண்ணீரில் பிளீச் கலந்து, கொஞ்ச நேரம் வைத்திருந்து, பிறகே கொட்டுங்கள்.